ஒரு விசையின் பழுது

விசைப்பலகையில் அகர விசை பழுதுற்றால், ‘அறம்’ என்று எழுத விழைவார்க்கு ‘றம்’ என்றே பதியும். இவ்வொரு குறைக்காகப் பலகை முழுவதையும் எறிந்துவிடுவோர் பலர். அது பொருந்தாது.

பொறிமுறை விசைப்பலகையில் ஒவ்வொரு விசையின் கீழும் தனித்தனியே ஒரு சுவிட்சு உண்டு. அதனுள் ஒரு தண்டும், சுருள்வில்லும், இரண்டு உலோகத் தகடுகளும் உள்ளன. விரல் அழுத்தத் தண்டு தாழும், தகடுகள் ஒன்றையொன்று தொடும், மின்னோட்டம் நிகழும். விரலை எடுப்பின் வில் தண்டை உயர்த்தும்.

தகடுகளிடையே தூசி படிந்தால் தொடர்பு அறும். ஆதலின், முதற்கண் கணிப்பொறியினின்று பலகையைப் பிரித்து, விசைமூடியைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்ககால் ஒரு துளி இட்டுப் பலமுறை அழுத்துக. நன்கு உலர்ந்தபின் இணைத்துப் பார்க்க. பயனில்லையேல், பலகையின் அடிப்புறத்தே அச்சுவிட்சின் இரு கால்களையும் உலோக இடுக்கியால் ஒருங்கே தொடுக. எழுத்துத் தோன்றின் பழுது சுவிட்சினுடையது. தோன்றாவிடின் அது வேறிடத்தது.

சுவிட்சே பழுதாயின், மீண்டும் பலகையைப் பிரித்து, ஆசிரியர் துணையோடு பற்றாசை உருக்கி நீக்கி, அவ்வகைப் புதியதொன்றைப் பொருத்திப் பற்றவைக்க. சூட்டுக்கோலை நெடுநேரம் வைத்தால் செப்புத் தடம் பெயர்ந்துவிடும்.

மாணவர்களே! பழுது இன்னதென அறியாது கருவியை எறிபவன், நோய் இன்னதென அறியாது நோயாளியைக் கைவிடும் மருத்துவனை ஒப்பான். முதலில் ஆராய்க, பின்னரே கைவைக்க.