மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகுமா?

"மேல் பல்லுல கை வெச்சா கண்ணு பூடும் டாக்டர், பாப்பாக்கு வேணாம்." தறிக்காரர் வீட்டுப் பாட்டி முதல் பட்டம் வாங்கிய அப்பா வரை, பட்டு நெசவு ஊரான ஆரணியில் இதைச் சொல்லாதவர் இல்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இங்கே பேச்சு கூடுதல் பல்லைப் பற்றி. நிலைப்பற்கள் வரும் வயதில் 100 பிள்ளைகளில் 1 முதல் 3 பேருக்குக் கூடுதல் பல் உண்டு, பையன்களுக்கே அதிகம். பெரும்பாலும் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில், கூம்பு போல இருக்கும். பல நேரம் வெளியே தலைகாட்டாமல், உள்ளிருந்தே முன்பல்லின் வழியை மறிக்கும். இதை எடுத்தால் பார்வை எப்படிப் போகும்? மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் பார்வைக்கானது இரண்டாவது. மேல்பற்களுக்கு வருவது ஐந்தாவதின் கிளை. இரண்டும் வேறு வேறு. கண்ணை நெருங்குவது பிடுங்காமல் விட்ட சொத்தைப் பல்தான். மேல் கோரைப்பல்லின் வேரில் சீழ் கட்டினால் வீக்கம் கண்ணுக்குக் கீழ்வரை ஏறி இமையே திறக்காது.

"எங்க மாமாவுக்குப் பல் எடுத்தப்புறம்தான் இழை தெரியல" என்பார்கள். மாமாவுக்கு வயது என்ன என்று கேளுங்கள். நாற்பதைத் தாண்டியிருப்பார். பல் ஆடத் தொடங்கும் அதே வயதில் வெள்ளெழுத்தும் வரும். அறுந்த பட்டு இழையை முடிபோடுகிறவருக்கு அது மற்றவர்களைவிட முன்னதாகவே தெரிந்துவிடும். பழி பல்லின் மேல்!

இன்னொரு நம்பிக்கை, தெத்துப்பல் அதிர்ஷ்டமாம். இருக்கட்டும், பல் துலக்கினால் போதும். ஆறு வயதில் கீழே இரண்டு வரிசை தெரிந்தால் அது பெரும்பாலும் விழாத பால்பல், கூடுதல் பல் அல்ல.

2019இல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயதுப் பையனின் கீழ்த்தாடையிலிருந்து 526 குட்டிப் பற்களை எடுத்தார்கள். அது ஓடோன்டோமா என்ற தீங்கற்ற கட்டி. உங்கள் பிள்ளையின் ஒற்றைப் பல்லோடு அதைக் குழப்பாதீர்கள். ஆனால் அந்தப் பையனுக்கு மூன்று வயதிலேயே வீக்கம் தெரிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு முன்பல் முளைத்து ஆறு மாதமாகியும் ஜோடிப் பல் வரவில்லையா? எக்ஸ்ரே எடுங்கள்; பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகச் சொற்பம். வழியை மறிக்கும் பல்லை எடுத்துவிட வேண்டும். ஒதுங்கிக் கிடப்பதைச் சில நேரம் கண்காணித்தாலே போதும். நூல் கட்டி இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

பிள்ளையோடு வரும் அப்பாக்களுக்கும் ஒன்று. கண்ணுக்காக இவ்வளவு பயப்படும் நீங்கள், கண்ணாடி போடச் சொன்னால் ஏன் வெட்கப்படுகிறீர்கள்? நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை தறிக்கூடத்துக்கே கண் பரிசோதகரை வரவழைக்கலாமே. மாமாவின் பல் அதற்குப் பிறகாவது நிரபராதி ஆகும்.