ஆடியவர் ஆட்டுவிப்போர் ஆதல்: பீட்டர் தங்கராஜின் வாழ்க்கை காட்டும் பாடம்

மதிலை வளைத்துப் பொருதலை உழிஞை என்றும், வளைக்கப்பட்ட மதிலை உள்நின்று காத்தலை நொச்சி என்றும் புறப்பொருள் இலக்கணம் கூறும். வகுப்பில் இவ்விரு திணைகளையும் பயின்ற அன்று எம் நினைவிற்கு வந்தவை கோட்டையும் அகழியும் அல்ல. எம்மூர் ஏரியின் உள்வாயில் நட்ட இரண்டு கருங்கற்களே.

எம்மூர் தெள்ளாறு. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் அங்குப் பகைவரை வென்று, 'தெள்ளாறெறிந்த' என்னும் அடைமொழி பெற்றான். இன்றோ அவ்வட்டாரத்தில் கேட்பது படையின் முழக்கம் அன்று, பட்டுத்தறியின் ஓசையே. விடியலில் தெருவில் பாவு நீட்டும் பெரியோர்க்குத் துணை நின்ற சிறுவர், கோடையில் ஏரி வற்றியபின் மாலைதோறும் அதன் உள்வாயில் பந்துதைப்பர். இரு கற்களே எங்கள் கோல் கம்பங்கள். விரைந்தோட மாட்டாத சிறுவனை அவற்றிடையே நிறுத்துவது எங்கள் வழக்கம். அவ்வாறு நிறுத்தப்பட்டோருள் யாமும் ஒருவர். ஒருகால் அயலூராரோடு ஆடுகையில் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டுத் தோல்வியைத் தேடித் தந்தோம். மூன்று நாள் தெருவில் தலை காட்டவில்லை. காவலிடம் என்பது ஆட்டத்தில் கடைப்பட்டது என்னும் எண்ணம் அன்று எம் உள்ளத்தில் வேரூன்றியது. அவ்வேரைக் களைந்தது பீட்டர் தங்கராஜ் என்பாரின் வரலாறு. அதனை உடன்பயில்வோர்க்கு எடுத்துரைப்பதும், களத்தில் ஆடியவர் பிறரை ஆட்டுவிக்கும் பொறுப்பை ஏற்குங்கால் எவை மாறுகின்றன, எவை நிலைக்கின்றன என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் காவலிடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கோல் கம்பங்களின் இடைவெளி 8 கெஜம். குறுக்குக் கம்பத்தின் உயரம் 8 அடி. ஆகவே 24 அடி அகலமும் 8 அடி உயரமுமாக, 192 சதுர அடிப் பரப்பை ஒருவர் காத்தல் வேண்டும். பெனால்டி உதை விழுமிடமோ 12 கெஜத் தொலைவில் உள்ளது. எத்துணை நெடியவராயினும் நின்ற நிலையில் இப்பரப்பை மறைத்தல் இயலாது. ஆதலின் காவலர் பந்தைக் கொணர்வோனை நோக்கி முன்னேறுவர். அவர் முன்னேறுந்தோறும் எதிரிக்குப் புலப்படும் வெளி இருபுறமும் குறுகும். மிகுதியாக முன்னேறினாலோ தலைக்கு மேலே வெளி திறந்துவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஓர் இடத்தைக் கண்ணிமைப் பொழுதில் தேர்தலே காவற்கலையின் உயிர். 1912 முதல் காவலர் தம் பெனால்டி எல்லைக்குள் மட்டுமே பந்தைக் கையால் தொடலாம் என விதி அமைந்தது. எனினும் அவர் கண்ணுக்கு அத்தகைய எல்லை இல்லை. ஏனையோர் பந்தையும் தமக்கு அண்மையில் உள்ளாரையும் நோக்க, காவலர் ஒருவரே களம் முழுவதையும் எதிர்நோக்கி நிற்கின்றார். தோழர் எங்கே விலகினார், எவ்விடம் வெறுமையாயிற்று என்று கூவி உணர்த்தும் கடமையும் அவருடையதே. அங்ஙனமாயின், ஆட்டுவிப்போர்க்குரிய பார்வை காவலிடத்திலேயே முளைவிடுகின்றது எனலாம்.

நிற்க, தங்கராஜின் வரலாற்றிற்கு வருவோம். அவர் 1935ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். செகந்தராபாத்தில் இளமையில் ஆடிப் பழகியபின் படையிற் சேர்ந்து, நீலகிரி மலையில் வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் நிலையத்திற்கு வந்தார். ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று உண்டு. அங்கு அவர் முதலில் ஆடியது காவலராக அன்று. நடு முன்னணி ஆட்டக்காரராகவே. கோல் அடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் பின்னர்க் கோல் தடுப்பவரானார். உழிஞை சூடியவர் நொச்சி சூடினார் என்க. நெடிய உருவமும் நீண்ட கைகளும் அவர்க்கு உதவின. ஆயினும் அவை மட்டும் காரணமாகா. அடிப்பவன் எப்பொழுது எவ்விடம் நோக்குவான் என்பதை முன்னர் அடித்துப் பழகியவரன்றோ நன்கறிவார்!

மதராஸ் ரெஜிமெண்ட் நிலையம் 1955ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் தூரந்த் கோப்பையை வென்றது. அக்கோப்பைப் போட்டி 1888இல் சிம்லாவில் தொடங்கிய பழமையுடையது. இந்தியக் குழு ஒன்று அதனை முதன்முதல் வென்றது 1940ஆம் ஆண்டிலேதான். அத்தகைய கோப்பையை நீலகிரியிலிருந்து சென்ற படைவீரர் நான்கு ஆண்டுகளுள் இருமுறை கைக்கொண்டனர் என்றால், அவர்தம் பெருமை கூறாமலே விளங்கும். 1958இல் தங்கராஜ் ஆசியக் கண்டத்தின் தலைசிறந்த காவலர் என மதிக்கப்பெற்றார். அவர் தலைமையில் முப்படையினர் குழு, 1960ஆம் ஆண்டிற்குரிய சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வென்றது.

நாட்டின் பெயரால் அவர் ஆடிய களங்கள் பல. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றபோதும், 1960இல் ரோம் நகர ஒலிம்பிக்கிலும் அவர் குழுவில் இருந்தார். இவற்றுள் எல்லாம் சிறந்தது 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழா என்பது எம் கருத்து. அதனைச் சற்றே விரித்துரைப்பாம்.

அக்குழுவின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். அவர் ஐதராபாத்தில் பள்ளியாசிரியராகப் பணியாற்றியவர். புற்றுநோய் நுரையீரலை அரித்துக்கொண்டிருந்த நிலையில் குழுவை அழைத்துச் சென்றார். முதலாட்டத்தில் தென்கொரியரிடம் இந்தியா 0-2 எனத் தோற்றது. பின்னர்த் தாய்லாந்தை 4-1 எனவும், ஜப்பானை 2-0 எனவும், அரையிறுதியில் தென்வியத்நாமை 3-2 எனவும் வென்று மீண்டும் தென்கொரியரையே இறுதியில் எதிர்ப்பட்டது. இதனிடையே பின்னணியின் தூணாகிய ஜர்னைல் சிங் தலையிற் காயமுற்றுத் தையலிடப்பட்டிருந்தார். அவரை இருக்கச் செய்யாது, முன்னணியில் நிறுத்தினார் ரஹீம். நோயினின்று தேறியிருந்த தங்கராஜைக் காவலிடத்தில் நிறுத்தினார். இஸ்ரேலும் தைவானும் விழாவில் விலக்கப்பட்டதைக் குறைகூறிய இந்திய அதிகாரி ஒருவரின் பேச்சால் வெகுண்டிருந்த மக்கள் அரங்கை நிறைத்து இந்தியருக்கு எதிராக ஆரவாரித்தனர். செப்டம்பர் 4ஆம் நாள் நிகழ்ந்த அவ்வாட்டத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோலும், தலைக்கட்டோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். ஆட்ட முடிவு அணுகுகையில் கொரியர் ஒன்று திருப்பினர். எஞ்சிய நேரத்தை இந்தியர் காத்தனர். 2-1 என்னும் கணக்கில் பொற்பதக்கம் இந்தியாவிற்குரியதாயிற்று. அதன்பின் ஓராண்டும் நிரம்பாமுன், 1963 ஜூன் 11இல் ரஹீம் காலமானார்.

இவ்விறுதியாட்டத்தில் தங்கராஜ் பெற்றது பதக்கம் மட்டும் அன்று. ஆட்டுவிப்போர்க்கு ஓர் உயிருள்ள எடுத்துக்காட்டும் ஆகும். காப்பவரை அடிப்பவராக மாற்றும் துணிவு ரஹீமிடம் இருந்தது. அடிப்பவராயிருந்து காப்பவராக மாறியவர் அதே களத்தின் மறுமுனையில் நின்றார். இன்ன வினையை இன்னார் முடிப்பர் என்று தேர்ந்து அவர்கண் விடுதலே தலைமையின் முதற்கடமை என்பது திருக்குறள் பயில்வார்க்குப் புதிதன்று. 'தெரிந்துவினையாடல்' என ஓர் அதிகாரமே அதற்கு வகுக்கப்பட்டிருக்கிறது அன்றோ?

படையை நீங்கிய தங்கராஜ் கல்கத்தா சென்று, முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடினார். ஒன்றற்கொன்று தீராப் போட்டியுடைய அம்மூன்றன் ஆதரவாளரும் ஒருவரையே விரும்பி ஏற்றனர் என்பது அவர் ஆற்றலுக்குச் சான்று. 1967இல் அருச்சுனா விருது அவர்க்கு வழங்கப்பெற்றது. ஆடுவதை விடுத்தபின் அவர் ஆட்டத்தை விடவில்லை. கோவாவின் வாஸ்கோ கழகத்திற்குப் பயிற்சியாளராயினார். பின்னர்ப் பொகாரோ உருக்காலையில் விளையாட்டுப் பொறுப்பேற்று, அவ்வூரிலேயே தங்கினார். 2008 நவம்பர் 24ஆம் நாள் மறைந்தார்.

ரோம் நகர ஒலிம்பிக் குழுவில் அவரோடிருந்த தமிழர் சைமன் சுந்தரராஜும் அவ்வழியே சென்றார். 1973இல் எர்ணாகுளத்தில் ரயில்வே குழுவை 3-2 என வென்று கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. மூன்று கோலையும் அடித்த தலைவர் மணியின் பெயரை அனைவரும் அறிவர். அக்குழுவைப் பயிற்றியவர் சுந்தரராஜ் என்பதைச் சிலரே அறிவர். ஆட்டுவிப்போர் புகழின் அளவு அத்தகையது!

இனி, பிறநாட்டு வரலாறு ஒன்றை ஒப்புநோக்குவோம். செருமானிய நாட்டில் செப் மையர் என்னும் காவலர் 1974இல் உலகக் கோப்பை வென்ற குழுவில் நின்றவர். 1979இல் நேர்ந்த ஊர்தி விபத்து அவர் ஆட்டத்தை முடித்தது. அவர் காவலர்க்கு ஆசிரியரானார். அவர்பால் பயின்றவருள் ஒருவர் ஆலிவர் கான். கார்ல்ஸ்ரூஹ நகரிற் பிறந்த கான், 1994இல் பயர்ன் மியூனிக் கழகத்தை அடைந்தார். 2001இல் ஐரோப்பிய வாகையர் இறுதியாட்டத்தில் வலென்சியாக் கழகத்தாரின் மூன்று பெனால்டி உதைகளைத் தடுத்துக் கோப்பையை ஈட்டித் தந்தார். 2002 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேறெந்தக் காவலரும் அப்பரிசு பெற்றதில்லை. ஆயினும் அவ்விறுதியாட்டத்தில் அவர் கையினின்று நழுவிய பந்தே பிரேசிலின் முதற்கோலாயிற்று. இதனைப் படித்தபோது எம்மூர் ஏரிக்கரையில் யாம் நாணி நின்ற மாலை நினைவிற்கு வந்தது. நெஞ்சும் சற்றே ஆறியது.

2008இல் ஓய்வுற்ற கான், 2020இல் அக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் இடம்பெற்று, 2021இல் அதன் தலைமை நிர்வாகியானார். 2023 மே 27ஆம் நாள், கழகம் செருமானிய வாகைப் பட்டம் வென்ற அதே நாளில், அவர் பதவியினின்று நீக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. கழகத்திற்காக எட்டு முறை அப்பட்டத்தை வென்ற கைகளும் அலுவற் பதவியைக் காத்துக்கொள்ளப் போதியவையாக இல்லை. களத்திற் பெற்ற புகழ் வாயில்வரை அழைத்துச் செல்லும்; உள்ளே அமர்ந்து வினைசெய்தற்கு வேறு கல்வி வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

அக்கல்வி யாது? யாம் கண்ட அளவில் மூன்று கூறுகளை உரைப்போம். முதலாவது, தன் கையாற் செய்வதை விடுத்துப் பிறர் கையாற் செய்விக்கும் பொறுமை. ஆடுவோர் தம் பிழையைத் தாமே ஓடித் திருத்தலாம். ஆட்டுவிப்போர் எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்று காண்பதன்றி வேறு செயலிலர். இரண்டாவது, ஒருவனிடம் அவனும் அறியாத ஆற்றலைக் காணும் பார்வை. ஜகார்த்தாவில் ரஹீம் செய்தது இதுவே. மூன்றாவது, பிறர் தோல்வியைத் தன் தோல்வியாக ஏற்றுக்கொள்ளும் நெஞ்சுரம். இம்மூன்றாவது காவலர்க்கு முன்னரே பழக்கமானது. பத்துப் பேர் தவறவிட்ட பந்தே அவரிடம் வருகின்றது. ஆயினும் பழி அவர் ஒருவர்மேல்.

எம் தெருவில் முதிய நெசவாளர் ஒருவர் உளர். கண் மங்கியமையால் அறுந்த இழையைக் காண அவரால் இயலாது. ஆதலின் தறிக்குழியினின்று எழுந்துவிட்டார். ஆயினும் இளைஞர் நெய்யுங்கால் அருகிலுள்ள திண்ணையில் அமர்ந்து, தறியின் ஓசையைக் கேட்டே மிதி தவறியதையும் நாடா தயங்கியதையும் உணர்த்துவார். "கண்ணு போனா என்ன தம்பி, காது இருக்குதே" என்று அவர் எம்மிடம் நகைத்தது உண்டு. தறியில் இருந்தவரை அவர் கண்டது தம் கைக்கெட்டிய ஒரு சாண் துணியையே. இன்று அவர் கேட்பது நான்கு தறிகளை. ஆடியவர் ஆட்டுவிப்போர் ஆதலின் இயல்பை இதனினும் தெளிவாக எந்நூலும் எமக்குக் கற்பித்ததில்லை.

உடன்பயிலும் நண்பர்காள்! நம் கல்லூரிக் களத்தில் ஓடியாடிய பலர் இவ்வாண்டோடு விடைபெறுகின்றனர். அலுவலும் இல்லமும் அவர்தம் பொழுதை விழுங்கும். காலணிகள் பரண் ஏறும். ஆயினும் அவரவர் ஊரில் ஏரி வற்றும் காலம் ஆண்டுதோறும் வரும்; சிறுவரும் பந்தோடு வருவர். விரைந்தோட மாட்டாத சிறுவன் ஒருவன் வழக்கம்போல் இரு கற்களிடையே நிறுத்தப்படுவான். அவன் தோளைத் தொட்டு, "ஓர் அடி முன்னே வா, தம்பி, வெளி குறுகும்" என்று கூற ஒருவர் இருத்தல் வேண்டும். யாம் வரும் கோடையில் தெள்ளாற்று ஏரிக்குச் செல்லவிருக்கிறோம். நீவிரும் நும் ஊர்களில் அவ்வாறே செய்வீராக.