முட்டை–காய்கறி பேக்: தண்ணீர் விடாமல், ரப்பராகாமல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை ஷிஃப்ட், ஆவடியில் வேலை, சென்ட்ரலுக்கு மின்சார ரயில் என்று அண்ணனூர் வீடுகளில் ஆளுக்கொரு நேரத்தில் கிளம்புகிறார்கள். தோசைக்கல் முன்னால் ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டாம் என்றால், முட்டையும் காயும் சேர்த்து ஒரே தட்டில் பேக் செய்து வைத்துவிடலாம். நான்கு பேருக்கு 6 முட்டை, 300 கிராம் காய், 100 மில்லி பால், 2 டீஸ்பூன் எண்ணெய் போதும்.

1. காயைப் பச்சையாகப் போடாதீர்கள். ருசி கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். காய்க்குள் இருக்கும் நீர் சூட்டில் வெளியேறி, முட்டைக்கு அடியில் குளம்போல் தேங்கிவிடும். வெங்காயம், குடைமிளகாய், காளான், கோஸ் எல்லாவற்றையும் உப்புப் போட்டு, மூடாமல், வாணலியில் ஈரம் வற்றும்வரை வதக்குங்கள். பசலைக்கீரையை வதக்கி, ஆறியதும் கையால் இறுக்கிப் பிழிந்து சேருங்கள். தக்காளி என்றால் விதையும் சாறும் நீக்கிய சதை மட்டும். சுரைக்காய், சௌசௌ இதற்கு வேண்டாம்.

2. கேரட், பீன்ஸைப் பொடியாக நறுக்கி முக்கால் வேக்காடு வேகவைத்துச் சேருங்கள். முட்டை சீக்கிரம் வெந்துவிடும், காய்க்காகக் காத்திருக்காது.

3. முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி அவசியம் சேருங்கள். நீர் அதிகம் விடாது, சத்தும் கூடும்.

4. ஆரோக்கியம் என்று மஞ்சள் கருவைக் கொட்டிவிடாதீர்கள். முட்டைப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, பி12 எல்லாமும் அங்கேதான். சத்துணவில் 1989-இல் முட்டை சேர்ந்தபோதும் பிள்ளைகளுக்கு முழு முட்டைதான் கொடுத்தார்கள். மருத்துவர் குறைக்கச் சொல்லியிருந்தால் 4 முழு முட்டையும் 4 வெள்ளைக் கருவும் எடுத்துக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டியவை சீஸும் வெண்ணெயும்தான். மேலே தூவ ஒரு பிடி துருவிய பனீர் போதும். பாலும் ஆவின் நீல பாக்கெட்டே போதும்.

5. ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். தண்ணீரில் போட்டால் மிதக்கும் முட்டை பழையது.

6. நுரை பொங்க அடிக்க வேண்டாம். நுரைத்தால் அடுப்பில் உப்பி, வெளியே எடுத்ததும் அமுங்கிவிடும். முள்கரண்டியால் கலந்தாலே போதும்.

7. ஓவனை 170 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கி, முட்டை, பால், காய் கலவையைத் தட்டில் ஊற்றி 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். அவசரத்தில் 200, 220 என்று ஏற்றினால், முட்டையின் புரதம் இறுகித் தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளும்; ரப்பர் போலாவது அதனால்தான். தட்டை லேசாக ஆட்டிப் பாருங்கள்: ஓரம் கெட்டியாகி, நடுவில் மட்டும் மெல்ல அசைந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, 5 நிமிடம் உள்ளேயே விடுங்கள். நடுவில் கத்தியைக் குத்தி எடுத்தால் பச்சை முட்டை ஒட்டக் கூடாது.

8. ஓவன் இல்லாதவர்கள் இட்லிப் பானையில் சிறுதீயில் 20 முதல் 25 நிமிடம் ஆவியில் வைக்கலாம். மூடிக்கு உள்பக்கம் துணி கட்டினால் நீர் சொட்டாது. வெந்ததும் துண்டுகளாக்கி, தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்க விடுங்கள். எனக்கு இந்த முறையில் கிடைக்கும் மொறுமொறுப்பே பிடிக்கிறது.

9. காலையில் நேரமில்லையா? காயை மட்டும் முந்தின இரவே வதக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கண்ணாடித் தட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனில் வைக்காதீர்கள், விரிசல் விடும்.

10. இதைக் காலை உணவாக வீட்டிலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. சென்னை வெயிலில் மதியம்வரை டிபன் பாக்ஸில் அடைத்து வைத்தால் கெட்டுப்போகும். வேலை இடத்தில் ஃபிரிட்ஜ் இருந்தால் மட்டும், ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த துண்டை ஐஸ் பேக்கோடு கொடுத்தனுப்புங்கள். மீதியை ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், ஆவி பறக்கச் சூடாக்கி.

11. தட்டை உடனே வெந்நீரில் கழுவினால் ஒட்டிய முட்டை இன்னும் கெட்டியாகும். ஆறவிட்டு, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்த எலுமிச்சைத் தோலால் தேயுங்கள். கவுச்சி வாடையும் போய்விடும்.