பட்டத்தில் பாதி பயிற்சிக் களத்தில்

அன்புள்ள தம்பி,

வெலிங்டனில் அக்னிவீரர் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னார். ரொம்ப சந்தோஷம். "இனிமேல் படிப்பு எதற்கு?" என்று நீ கேட்டாயாமே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன் பணி நான்கு ஆண்டு. அக்னிபாத் திட்டப்படி அதன்பின் படையில் தொடர்பவர்கள் அதிகபட்சம் 25 சதவீதம். மற்றவர்கள் இளம் வயதிலேயே ஊர் திரும்புவார்கள். பணி முடிவில் தரும் சேவா நிதித் தொகை கையில் இருந்தாலும், பல வேலைகளுக்குப் பட்டம் கேட்பார்கள்.

2022 ஜூனில் அக்னிபாத்தை அறிவித்த மறுநாளே, மத்திய கல்வி அமைச்சகம் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக மூன்றாண்டுப் பட்டப்படிப்பு ஒன்றை அறிவித்தது. பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் பாதி உன் பணிப் பயிற்சியிலிருந்தே வரும். இதைச் சலுகை என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. வரைபடத்தை வைத்து இருட்டில் வழி கண்டுபிடிக்கவும், வயர்லெஸ் கருவியை இயக்கவும் கற்கும் நேரம் வகுப்பறை நேரத்துக்கு எதில் குறைந்தது? அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே படைப் பயிற்சியை மதிப்பிட்டு, அதற்குக் கிரெடிட் தரும்படி கல்லூரிகளுக்குப் பரிந்துரைக்கிறார்கள்.

மறுபாதியை நீ படித்துத்தான் பெற வேண்டும். வரலாறு, பொருளாதாரம், பொது நிர்வாகம், கணிதம், வணிகவியல், சுற்றுலா, வேளாண்மை என்று பல பாடங்கள் உண்டு. எது சுலபம் என்று கூட்டாளியைக் கேட்டுத் தேர்ந்தெடுக்காதே. டிஎன்பிஎஸ்சி எழுதும் எண்ணமிருந்தால் வரலாறும் பொது நிர்வாகமும் எடு. நிலத்தைப் பார்த்துக்கொள்ள வருவதென்றால் வேளாண்மை. முதலாண்டு முடித்தால் சான்றிதழ், இரண்டாமாண்டு டிப்ளமோ, மூன்றாமாண்டு பட்டம். இடையில் நின்றாலும் படித்தது வீணாகாது, ஆனால் நிற்காதே.

பத்தாவதோடு சேர்ந்த உன் தோழர்களிடம் சொல்: அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ் வழி வைத்திருக்கிறது.

எனக்கு உண்மையில் கவலை தருவது காகிதம்தான். நீ பெற்ற பயிற்சி ஆவணத்தில் ஏறினால்தான் கிரெடிட்டாக மாறும். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் அதன் பெயர், தேதி, தேர்ச்சி நிலை ஆகியவை பதிவாகியுள்ளனவா என்று பார், நகல் வைத்துக்கொள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இனிஷியல் பெரிய தொல்லை. பள்ளிச் சான்றிதழில் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, படை ஆவணத்தில் இன்னொரு விதம். இதை இப்போதே ஒரே மாதிரி ஆக்கு. எல்லைக்குப் போஸ்டிங் போனபின் அலைய முடியாது.

யூனிட்டில் கல்விப் பொறுப்பில் இருப்பவரைப் பார்த்து, சேர்க்கை எப்போது என்று கேட்டு எழுது. எந்தப் பாடம் எடுக்கப்போகிறாய் என்பதையும் சொல்.

அன்புடன்,
சித்தப்பா