குடைக்கோரையை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள்

கொச்சியின் மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவில் மெதுவாக ஒரு நடை போங்கள். பழம்பொருள் கடைகளையும் மசாலா மூட்டைகளையும் விட்டுவிட்டு, கஃபே, ஹோம்ஸ்டே வாசல்களை மட்டும் கவனியுங்கள். உருளியிலோ பழைய ஊறுகாய்ப் பரணியிலோ இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி நிற்கும். நேரான பச்சைத் தண்டு, அதன் உச்சியில் குடைக்கம்பி விரித்தாற்போல் சுற்றிலும் இலைகள். நர்சரிக்காரர்கள் இதை ‘அம்ப்ரெல்லா பாம்’ என்பார்கள். நாம் குடைக்கோரை என்போம். உற்றுப் பார்த்தால் பல செடிகளில் இலை நுனி கருகியிருக்கும். அந்தக் கருகல்தான் உங்களுக்கான வேக்கன்சி.

தோட்டக்கலை டிப்ளமா முடித்துவிட்டுக் கொச்சிக்கு ரயிலேறி வரும் தம்பி தங்கைகள் பலருடைய ரெஸ்யூமே பார்த்திருக்கிறேன். ‘எல்லா வகை அலங்காரச் செடிகளும் தெரியும்’ என்றுதான் அத்தனை பேரும் எழுதுகிறார்கள். எல்லாம் தெரிந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது, ஒன்றை அடிவேர் வரை தெரிந்தவர்தான் தனியாகத் தெரிவார். அந்த ஒன்றாக ஏன் குடைக்கோரை? மலிவு, சாவது அபூர்வம், வெட்டி வைத்தால் பெருகும். இந்தக் காயலோர ஊரின் ஈரமும் அதற்குப் பிடிக்கும்.

1. முதலில் பெயர். இது பாம் இல்லை, பனைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வயலில் களையாக முளைக்கும் கோரை, பத்தமடைப் பாய்க்குப் போகும் கோரை, திருச்சூர்ப் பக்கம் கிள்ளிமங்கலத்தில் பாய் பின்னும் கோரை எல்லாம் இதன் பங்காளிகள். நர்சரி லேபிளில் சைப்பெரஸ் ஆல்டர்னிஃபோலியஸ் என்றிருக்கும். தாவரவியலாளர்கள் அந்தப் பெயரை மடகாஸ்கர் செடிக்கு ஒதுக்கிவிட்டு, கடைகளில் பரவலாக விற்கும் ஆப்பிரிக்க நிலப்பரப்புச் செடியை சைப்பெரஸ் இன்வாலுக்ரேட்டஸ் என்கிறார்கள். இரண்டு பெயரையும் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள். இண்டர்வியூவில் எதிரே இருப்பவருக்கே தெரியாத விஷயத்தைப் பணிவாகச் சொல்பவருக்கு அங்கேயே ஒரு மார்க் ஏறும்.

இன்னொரு பெயர்ச் சிக்கலும் உண்டு. இதை ‘பாப்பிரஸ்’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். பாப்பிரஸ் இதன் அண்ணன். ஆள் உயரத்தைத் தாண்டும், உச்சியில் பட்டை இலைக்குப் பதில் பச்சை நூல் குஞ்சம் போல இருக்கும். எகிப்தில் எழுதும் தாள் ஆனது அதுதான். யாத்திராகமத்தில் குழந்தை மோசேயை வைத்து ஆற்றோரம் விட்ட பெட்டி அந்த நாணலில் செய்தது. 1568இல் கட்டிய யூதர்களின் பரதேசி சினகாக் இருக்கும் தெருவில் இந்தக் கதைக்கு நல்ல மவுசு. கதையைச் சொல்லுங்கள், ஆனால் ‘இதன் அண்ணனுடைய கதை’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்தத் தெருவுக்கு இஸ்ரேலில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கஃபே ஓனரை ஒரு டூரிஸ்ட் திருத்திவிட்டால், மறுநாள் ஓனர் உங்களைத் திருத்துவார்.

2. ஸ்டாக். ஒரே ஒரு தாய்ச் செடி வாங்குங்கள், இருபது தண்டாவது இருக்க வேண்டும். முற்றிய, நோயில்லாத தண்டைக் குடைக்குக் கீழே இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். இலைகளைச் சுற்றிலும் பாதியாக நறுக்குங்கள். பிறகு குடையைத் தலைகீழாகத் தண்ணீரில் மிதக்க விடுங்கள், தண்டு மேலே பார்க்க வேண்டும், குடை நீரில் இருக்க வேண்டும். வெயில் நேரடியாக அடிக்காத, ஆனால் வெளிச்சமான இடம் போதும். இரண்டு மூன்று வாரத்தில் குடையின் நடுவிலிருந்து வெள்ளை வேரும் பச்சைக் குருத்தும் கிளம்பும். முதல் தடவை பார்க்கும்போது மேஜிக் மாதிரி இருக்கும். அப்போதே ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். அவசரம் என்றால் புதரைக் கத்தியால் நாலாகப் பிளந்து நடலாம். மேலே வெட்டிய தண்டு திரும்ப வளராது. காய்ந்ததை எப்போதும் அடியோடு வெட்டுங்கள், பாதியில் வெட்டி மொட்டையாக விடுவது கற்றுக்குட்டி அடையாளம்.

இவ்வளவு சுலபமாகப் பெருகுவதுதான் இந்தத் தொழிலின் பிரச்சினையும். உங்களால் முடிந்தது பக்கத்து நர்சரிக்கும் முடியும். நர்சரிகளுக்குப் பேர்போன மண்ணுத்தியிலிருந்து லாரியில் வந்து இறங்கும் செடியோடு விலையில் மோதினால் நீங்கள் தோற்பீர்கள். ஆகவே செடி உங்கள் சரக்கு இல்லை. அது கருகாமல் நிற்பதுதான் சரக்கு.

3. தண்ணீர். போட்டியாளர்கள் கோட்டை விடும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

குடைக்கோரைக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தகும், அடியில் தட்டு வைத்து அதில் நீர் நிறுத்தினாலும் சிரிக்கும். அப்படியானால் சுற்றிலும் காயல் இருக்கிற ஊரில் நுனி ஏன் கருகுகிறது? மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று, உப்பு. மேற்குக் கொச்சியில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பு. வேலியேற்றக் காலத்தில் ஓதம் ஏறி வாசல் வரை வந்து போன பிறகு தரைத் தொட்டிகளில் உப்பு தங்கிவிடும். இரண்டு, கிச்சனில் ஆர்ஓ மெஷின் ஒதுக்கித் தள்ளும் நீரை ‘வீணாகிறதே’ என்று செடிக்கு ஊற்றுவது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மூன்று, தட்டு காய்ந்துபோய் ஏசிக் காற்று நேராக அடிப்பது.

குழாய்த் தண்ணீரை நம்பலாம் என்றால், இந்தப் பக்கத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு நெடுநாள் கதை. குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் அலங்காரச் செடிக்கு ஹோஸ் பிடித்தால் செடியோடு உங்கள் பெயரும் கெடும். பதில் சுவரிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது: ஏசியின் ட்ரெயின் பைப். காற்றின் ஈரம் குளிர்ந்து வடியும் நீர் அது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. கொச்சியின் புழுக்கத்தில் ஒரு ஏசி பக்கெட் கணக்கில் விடும். அந்த பைப்பைத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். நடைபாதையில் சொட்டுவது நிற்கும், பக்கத்துக் கடைக்காரரின் புகார் நிற்கும், செடியும் நிற்கும். மேனேஜருக்கு ஒரே கல்லில் மூன்று மாங்காய். மாதம் ஒரு முறை தொட்டியில் நல்ல நீரை வழிய வழிய ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஏசி நீரில் சத்து கிடையாது, எனவே மெதுவாகக் கரையும் உரம் கொஞ்சம் வேண்டும். சாணிக்கரைசல் அருமையான உரம்தான், ஆனால் காபி குடிக்கும் மேசைக்குப் பக்கத்தில் வேண்டாம். இந்தப் பாடத்தை ஒரு கிளையன்ட்டை இழந்து கற்றேன்.

மண் களிமண் கலந்து கனமாக இருக்கட்டும். தேங்காய்நார்த் தூள் தண்ணீரில் மிதந்து தரையெல்லாம் அழுக்காக்கும். மேலே ஒரு அடுக்கு கூழாங்கல் போடுங்கள். பரணிக்குள் நேரடியாக நடாதீர்கள், சாதாரணத் தொட்டியில் நட்டு உள்ளே இறக்குங்கள். வேர் ஓராண்டு இரண்டாண்டில் தொட்டியை நிறைத்துவிடும், ஓனரின் தாத்தா காலத்துப் பரணி விரிசல் விட்டால் நீங்கள் எழுத வேண்டிய செக் சிறியதாக இருக்காது.

4. கொசு. நிற்கும் நீர் என்றாலே கொச்சிக்காரர் முகம் சுளிப்பார், நியாயம்தான். டெங்குவுக்குப் பயந்து வாரம் ஒரு நாள் ‘ட்ரை டே’ என்று தேங்கிய நீரைக் கொட்டச் சொல்கிறது கேரள சுகாதாரத் துறை. (மாதம் முதல் தேதி மதுக்கடை மூடும் ட்ரை டே வேறு. புதிதாக வந்தவர்கள் குழம்புவதுண்டு.) கொசு முட்டையிட்டுப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரா வாரம் தட்டைக் கொட்டிக் கழுவுங்கள், பெரிய தொட்டி என்றால் கப்பி மீன் விடுங்கள். ஓனர் கேட்பதற்கு முன்பே இதை நீங்கள் சொல்லிவிட வேண்டும். பயத்தை நீங்களே எடுத்து வைத்துப் பதிலும் கொடுத்தால், விசிட் வாரம் ஒரு முறை வேண்டும் என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

5. ரேட். ஒரு தொட்டிக்கு மாத வாடகை. செடி உங்களுடையது, வாரம் ஒரு விசிட், வாடினால் அன்றே மாற்று. இதை ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டு மாடியில் எப்போதும் நாலில் ஒரு பங்கு ஸ்பேர் வைத்திருந்தால் ‘அன்றே’ என்ற சொல்லைக் காப்பாற்றலாம். கணக்கிலும் கவனம் வேண்டும். உயிர்ச்செடி விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது, பராமரிப்பு என்பது சர்வீஸ். மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தை நெருங்கும்போது ஆடிட்டரைப் பாருங்கள். அதுவரை பில் புத்தகம் ஒன்று போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். பில் கொடுப்பவரைத்தான் ஹோட்டல்காரர்கள் வெண்டராக எடுத்துக்கொள்வார்கள், மற்றவர் தோட்டக்காரப் பையன்.

சீசனைப் பிடியுங்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை டூரிஸ்ட் காலம். 2012இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே நடக்கும் ஆண்டுகளில், டிசம்பரிலேயே பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளுக்கும் உயிர் வந்துவிடும். ஒரு சில மாதத்துக்கு மட்டும் பச்சை வேண்டும் என்பவர்களுக்கு வாடகைச் செடிதான் வசதி. அதற்கான தண்டுகளை ஆகஸ்டில் தண்ணீரில் போட்டிருக்க வேண்டும். நவம்பரில் ஓடி வருபவர் மண்ணுத்தி விலைக்கு வாங்கி நஷ்டத்தில் வாடகைக்கு விடுவார். விடட்டும்.

6. வாய். மட்டாஞ்சேரி ஒரே ஊர் இல்லை. மலையாளி ஓனரை சேட்டா, சேச்சி என்றும், முஸ்லிம் பெரியவரை இக்கா என்றும், குஜராத்தி ரோட்டில் பாய் என்றும் கூப்பிடுங்கள். செர்லாயில் கொங்கணிக் குடும்பங்கள். அங்கே நாலு வார்த்தை கொங்கணி பேசினால் காபி நிச்சயம். தமிழன் என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கின்றன. கிளிப் இல்லாமல் கயிற்றின் முறுக்குக்குள் துணியைச் செருகிக் காயப்போடும் நேர்த்தியைப் பார்க்கவே டூரிஸ்ட்கள் வருகிறார்கள். சொன்ன நாளில், சொன்ன வெண்மையில் கொடுப்பதுதான் அவர்களுடைய மார்க்கெட்டிங். ஒரு நாள் போய் நின்று பாருங்கள், டிக்கெட் கிடையாது.

7. குப்பை. கழித்த வேரையும் காய்த்த பூக்கொத்தையும் தோட்டில், அதாவது வாய்க்காலில், எறியாதீர்கள். கல்வத்தித் தோடு ஏற்கெனவே திணறுகிறது. ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் குடைக்கோரை தோட்டத்திலிருந்து தப்பி ஓடைகளில் களையாகப் பரவியிருக்கிறது. பூ பழுப்பாகும் முன் வெட்டி, வேரை நன்றாகக் காயவைத்துக் கம்போஸ்ட் ஆக்குங்கள். கேரளத்துக்கு இதில் பழைய காயம் உண்டு. குட்டநாட்டை மூடிய சால்வினியாவை இங்கே ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்றுதான் சொல்வார்கள், அதன் சொந்த ஊர் பிரேசில் என்றாலும். 1980களில் ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள். உங்கள் செடி உண்மையிலேயே ஆப்பிரிக்காக்காரன். அதன் பெயர் கெட்டால் உங்கள் தொழிலும் சேர்ந்து கெடும்.

8. அடுத்த படி. பத்துப் பன்னிரண்டு கிளையன்ட் சேர்ந்த பிறகு தொட்டியைத் தாண்டி யோசியுங்கள். சல்லிப் படுகையில் குடைக்கோரை, கல்வாழை போன்றவற்றை நட்டு, குளியலறை, வாஷ்பேசின் கழிவுநீரை அதன் வழியே விட்டுச் சுத்தம் செய்யும் முறை உலகம் முழுக்க இருக்கிறது. ஆரோவில்லில் இப்படிப்பட்ட படுகைகளை நேரில் பார்க்கலாம். வேர் நேரடியாக அழுக்கைத் தின்பதைவிட, வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிரிகள் செய்யும் வேலையே பெரிது. சோப்புக் கசடும் எண்ணெயும் படிய முன்னால் ஒரு தொட்டி அவசியம், இல்லாவிட்டால் சல்லி அடைத்து நாறும். டாய்லெட் நீரை இதில் சேர்க்கலாமா என்று கேட்டால், எஞ்சினியரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். தெரியாததற்கு ஆமாம் போடாதவரைத்தான் ஹோம்ஸ்டேக்காரர் இன்னொரு ஹோம்ஸ்டேக்காரருக்கு சிபாரிசு செய்வார். சர்ட்டிஃபிகேட் வேண்டுமென்றால் இந்திய வேளாண் திறன் கவுன்சிலின் கார்டனர் பயிற்சி இருக்கிறது. பெரிய ஹோட்டல் எச்ஆர் அதைக் கேட்பார், ஜூ டவுன் இக்கா கேட்க மாட்டார்.

ஒரு நாள் கஃபே பையன் ஒருவன் நீங்கள் வெட்டுவதைப் பார்த்து, தானும் ஒரு குடையை டம்ளரில் தலைகீழாகப் போட்டு வைப்பான். கோபப்படாதீர்கள். இன்னும் இரண்டு தண்டு வெட்டிக் கொடுங்கள். மூன்றாவது வாரம் அவன் டம்ளரில் வேர் விட்டிருக்கும், நாலாவது மாதம் ஆர்ஓ ஒதுக்கிய தண்ணீரை ஊற்றி நுனி கருகியிருக்கும். அன்றைக்கு அவன் ஃபோனில் யாருடைய நம்பர் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.