கீரையும் காளானும்: சமைத்தபின் எதில் எச்சத்து மிகுதி?

ஊவா மாகாணத்தில் மழை தொடங்கியதும் புற்றருகிலும் மரக்கட்டைகளிலும் காளான் தோன்றுதல் இயல்பு. பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை ஆகிய பகுதிகளின் தோட்டக் குடும்பங்கள் அதனை இறைச்சிக்கு ஒப்பான உணவாகக் கருதுகின்றன. ஓடைக்கரையில் வளரும் கீரையோ எளியோர் கறி என எண்ணப்படுகின்றது. இவ்வெண்ணம் எவ்வளவு பொருத்தமானது என்பதை ஆராய்தல் பயனுடைத்து. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவாய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட சிறுவருள் வயதிற்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் சுமார் 17 வீதம். தோட்டப் பகுதியிலோ சுமார் 32 வீதம். ஆதலின் அன்றாடக் கறியின் தரம் சிறு விடயமன்று.

சத்துக்களின் ஒப்பீடு

அவித்து நீர் வடித்த 100 கிராம் தண்டுக்கீரையையும், அவ்வாறே அவித்த 100 கிராம் வெள்ளைக் காளானையும் ஒப்பிட்டால் ஏறத்தாழப் பின்வரும் அளவுகள் பெறப்படும்:

புரதம்: கீரை 2.1 கிராம், காளான் 2.2 கிராம்.
சுண்ணாம்புச் சத்து: கீரை 209 மில்லிகிராம், காளான் 6 மில்லிகிராம்.
இரும்புச் சத்து: கீரை 2.3 மில்லிகிராம், காளான் 1.7 மில்லிகிராம்.
உயிர்ச்சத்து சி: கீரை 41 மில்லிகிராம், காளான் 4 மில்லிகிராம்.
நியாசின்: கீரை 0.6 மில்லிகிராம், காளான் 4.5 மில்லிகிராம்.

புரதத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமே. காளானின் பெரும்பகுதி நீராதலால், அது இறைச்சிக்கு ஈடாகாது. அவித்த மைசூர்ப் பருப்பில் 100 கிராமிற்கு 9 கிராம் புரதம் உண்டு. ஆகவே புரதம் வேண்டுவோர் பருப்பையும் முட்டையையும் நாடுதல் வேண்டும்.

எலும்பிற்கும் பல்லிற்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தும், கண் பார்வையைக் காக்கும் உயிர்ச்சத்து ஏ ஆக உடலில் மாறும் கரோட்டீனும் கீரையிலேயே மிகுதி. காளானில் கரோட்டீன் இல்லையென்றே கூறலாம். எனினும் நியாசின் முதலிய பி வகை உயிர்ச்சத்துக்களில் காளானே சிறந்தது. நறுக்கிய காளானைச் சமைக்குமுன் நண்பகல் வெயிலிற் சிறிது நேரம் வைத்தால், அதில் உயிர்ச்சத்து டி உண்டாகும். சிப்பிக் காளானும் பெரும்பாலும் இத்தன்மையதே. எனவே நாள்தோறும் கீரையும், இடையிடையே காளானும் உண்பதே தக்க முறையாகும்.

சமைக்கும் முறை

கீரையை முதலிற் கழுவிப் பின்னரே நறுக்க வேண்டும். நெடுநேரம் அவித்து நீரைக் கொட்டிவிடின் உயிர்ச்சத்து சி யும் பி வகைச் சத்துக்களும் நீருடன் போய்விடும். வல்லாரை, பொன்னாங்காணி, தண்டுக்கீரை ஆகியவற்றைத் தேங்காய்ப்பூ சேர்த்துச் சில நிமிடம் மட்டும் வறுத்துச் சுண்டலாக்கி, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுதல் நன்று. தேங்காயின் கொழுப்பு கரோட்டீனை உடல் ஏற்க உதவும். தேசிக்காய் இரும்புச் சத்தை ஏற்க உதவும்.

உணவுடன் தேநீர் அருந்தும் வழக்கம் தோட்டங்களிற் பரவலாக உள்ளது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் கீரையின் இரும்புச் சத்தைப் பிணித்து, உடல் ஏற்காதவாறு தடுக்கின்றது. இரத்தக் குறைவுள்ள பெண்களும் கருவுற்ற தாய்மாரும், உணவிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுதல் வேண்டும்.

எச்சரிக்கை

காட்டுக் காளானுள் நஞ்சுடையவையும் உண்டு. வெள்ளி நாணயம் கறுத்தால் நஞ்சு என்பதும், பூச்சி தின்றதாயின் தீங்கில்லை என்பதும் தவறான நம்பிக்கைகள். கொடிய காளானின் நஞ்சு கொதிக்க வைப்பதாலும் அழியாது. உண்டபின் ஆறு மணி நேரத்திற்கு மேலாகியே வாந்தியும் வயிற்றோட்டமும் தோன்றலாம். பின் நோய் தணிந்ததுபோலக் காணப்பட்டு, ஈரல் கெட்டு உயிர் பிரியவும் கூடும். ஆதலால் ஐயமுள்ள காளானை உண்ணலாகாது. உண்டவர் நோயுற்றால், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நோய் தணிந்ததென்று வீட்டில் தங்கிவிடலாகாது.

களைநாசினி தெளித்த தேயிலை மலைகளில் முளைத்த கீரையையும் பறித்தல் தகாது.

வீட்டுத் தோட்டத்தில் இரண்டும்

லயத்தின் பின்னுள்ள சிறு நிலத்திற் கீரை வளர்ப்பது எளிது. பொன்னாங்காணியைத் தண்டு நட்டும், வல்லாரையை ஈரமான இடத்திற் கொடி நட்டும் பயிராக்கலாம். தண்டுக்கீரை விதைத்த மூன்று, நான்கு வாரங்களிற் பறிக்கத்தக்கதாகும்.

நெற்செய்கையாளரிடம் அறுவடைக்குப் பின் எஞ்சும் வைக்கோல் சிப்பிக் காளானுக்கு ஏற்றது. தூய வைக்கோலை இரண்டு, மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரவு முழுவதும் ஊறவைத்து, வெந்நீரிலிட்டு எடுத்து, நீர் வடித்து ஆறவிட வேண்டும். பின் அதனையும் காளான் வித்தையும் அடுக்கடுக்காகப் பொலித்தீன் பையில் நிரப்பி, வெயில் படாத இடத்தில் தொங்கவிட வேண்டும். வெண்ணிழை பை முழுவதும் பரவியபின் பையைக் கீறி, நாள்தோறும் நீர் தெளித்தால் காளான் தோன்றும். விளைந்து முடிந்த வைக்கோலைக் கூட்டெருவாக்கிக் கீரைப் பாத்திக்கே இடலாம்.

இவ்வாறு செய்யின், ஐயமுள்ள காளானைத் தேடிக் காட்டிற்குச் செல்லும் தேவை நீங்கும்; பிள்ளைகளின் தட்டிலும் நாள்தோறும் பசுமை இருக்கும்.