மாயமானுக்குள் ஒரு முதுவீரன்

நுழையும்முன்

நினைத்த உருவத்தை எடுக்கவல்ல வீரர்களைப் பற்றிய கதைகள் பல நாடுகளில் வழங்குகின்றன. அவ்வீரன் முதுமை எய்தி, போரை வெறுத்து, ஒதுங்கி வாழ விரும்பினால் உலகம் அவனை விடுமா? கம்பர் காட்டும் மாரீசனை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

இராமன் வில்லுக்குக் கோதண்டம் என்று பெயர். அவ்வில்லை ஏந்திய கோலத்தால் கோதண்டராமர் எனப் பெயர் கொண்ட இறைவனின் கோயில் அரியலூரில் உள்ளது. செந்துறை வட்டாரத்தார் நன்கறிந்த கோயில் அது. இராமன் வில்லின் ஆற்றலைப் பாடிப் புகழ்ந்தோர் பலர். அதன் எதிரே நின்று அடிபட்டு, உயிர் பிழைத்து, அவ்வாற்றலைத் தன் உடம்பால் உணர்ந்தவன் மாரீசன். இராவணன் அவையில் இருந்த வீரர் எவருக்கும் இல்லாத அறிவு அது.

மாரீசன் பிறப்பால் அரக்கன் அல்லன் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அவன் தாய் தாடகை இயக்கர் குலத்தவள். தந்தை சுந்தன் அகத்தியரின் தவச்சோலையை அழித்து, அம்முனிவரின் சினத்தால் எரிந்தான். அதற்குப் பழிதீர்க்கச் சென்ற தாடகையும் அவள் மைந்தர் இருவரும் அரக்கராகுமாறு சபிக்கப்பட்டனர். எத்தனையோ உருவங்களைத் தன் விருப்பப்படி எடுத்த மாரீசனுக்கு முதல் உருமாற்றம் பிறரால் நேர்ந்தது! குலத்தை இழந்த உடன்பிறந்தார் இருவரும் சுமாலியை அடைந்தனர். அவன் அவர்களைத் தன் மக்களாக ஏற்றான். சுமாலி இராவணனுக்குத் தாய்வழிப் பாட்டன். ஆதலின் மாரீசன் இராவணனுக்கு மாமன் முறையானான்.

விசுவாமித்திரரின் வேள்வியை அழிக்க வந்தபோது, இராமன் விடுத்த ஓர் அம்பு சுபாகுவைக் கொன்றது. மற்றோர் அம்பு மாரீசனைக் கடலில் கொண்டுபோய் எறிந்தது. தாயும் உடன்பிறந்தானும் மாண்டனர். அவன் மட்டும் எஞ்சினான். அச்சம் அவன் நெஞ்சில் எத்துணை ஆழமாகப் பதிந்தது என்பதை வான்மீகி ஒரு நுட்பத்தால் உணர்த்துகிறார்: இரத்தினம், இரதம் முதலாக இராமன் பெயரின் முதல் ஒலியைக் கொண்ட சொற்களைக் கேட்டாலும் மாரீசன் நடுங்குவானாம். அச்சமே அவனைத் தவத்திற்குச் செலுத்தியது என்று கொள்வதில் தவறில்லை. அதனால் அத்தவம் பொய்யாகிவிடாது. கம்பரின் இராவணன் தேடி வரும்போது மாரீசன் புலன்களை அடக்கித் தவம் செய்துகொண்டிருக்கிறான்.

ஆரணிய காண்டத்து மாரீசன் வதைப் படலத்தின் உயிர்நிலை, அங்கு நிகழும் உரையாடலேயாகும். சீதையைக் கவர உதவுமாறு இராவணன் கேட்கிறான். அதுவரை வேந்தனைக் கண்டு அஞ்சிய மாரீசனுக்கு, அக்கணம் அச்சம் அகல்கிறது, சினம் எழுகிறது. இச்செயலால் உன் வாழ்வை நீயே முடித்துக்கொள்கிறாய் என்று வெளிப்படையாக இடித்துரைக்கிறான். இலங்கையில் விபீடணன் அறம் உரைப்பதற்கு நெடுநாள் முன்பே காட்டில் இம்முதியவன் அதனை உரைத்துவிட்டான். ஆயினும் விபீடணனைப் போற்றுமளவு நாம் இவனைப் போற்றுவதில்லை. இவன் இறுதிவரை அந்நிலையில் நிற்கவில்லை என்பதே அதற்குக் காரணமாகலாம்.

மறுத்தால் வாளால் கொல்வேன் என்கிறான் இராவணன். இணங்கினால் இராமன் அம்பு காத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட மாரீசனை, ஆழ்ந்த குழியின் நீரில் நஞ்சு கலந்தபோது நடுங்கும் மீனுக்குக் கம்பர் ஒப்பிடுகிறார். குளத்தை விட்டு வெளியேறினாலும் இறப்பு. உள்ளே கிடந்தாலும் இறப்பு. இராவணன் நாடியது மாமனின் அறிவை அன்று. அவனது மாயத்தை மட்டுமே. தவத்தால் தன்னை மாற்றிக்கொள்ள முயன்றவன், மீண்டும் உடம்பை மாற்றக் கட்டாயப்படுத்தப்பட்டான்.

குளிர் மிகுந்த வடபுலத்திலும் இவனுக்கு இணையான ஒருவன் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் ஐசுலாந்தில் எழுந்த எகில் கதையில் குவெல்துல்ப் என்னும் முதியவன் வருகிறான். மாலைநேரத்து ஓநாய் என்பது அப்பெயரின் பொருள். அந்திப்பொழுதில் அவன் உருமாறுவான் என்று ஊரார் பேசி ஒதுங்கினர். நார்வே மன்னன் அரால்டு அவன் மகனைக் கொன்றான். பழிதீர்த்தபின் நாட்டைத் துறந்து கப்பலேறிய முதியவன், போர்வெறி தணிந்ததும் வலுவிழந்து நடுக்கடலில் இறந்தான். அவன் சொற்படி கடலில் விடப்பட்ட பேழை ஒதுங்கிய இடத்தருகே அவன் மகன் குடியேறினான். குவெல்துல்ப் தன் சினத்துக்காகப் போரிட்டு மாண்டான். மாரீசனோ பிறன் ஒருவனின் ஆசைக்காக மாண்டான்.

பொன்மானாக அவன் தோன்றிய காட்சியில் இரு புலவரும் வேறுபடுகின்றனர். கம்பர் காவியத்தில் ஏனைய மான்கள் ஆசைகொண்டு அவனைச் சூழ்கின்றன. வான்மீகத்திலோ அவை அருகில் வந்து மோந்து பார்த்துச் சிதறி ஓடுகின்றன. விலங்கின் மூக்கை மாயம் ஏமாற்றவில்லை! இலக்குவன் கண்ணையும் ஏமாற்றவில்லை. பொன்னுடலும் மணிக்காலும் உயிரினத்துக்கு இயல்பல்ல என்கிறான். உலகில் உயிர்வகைகள் எண்ணிறந்தன என்று கூறி இராமன் அதைப் பின்தொடர்கிறான்.

நெடுந்தொலைவு அலைக்கழித்தபின், இனி இவன் பிடிக்க முயலமாட்டான், அம்பு தொடுப்பான் என உணர்ந்து மாரீசன் வானில் எழுகிறான். அம்பு நெஞ்சில் பாய்கிறது. இராமன் குரலில் அலறிக்கொண்டே மலைபோல் வீழ்கிறான். வீழும்போது மான் உருவம் நீங்கி அவனது சொந்த உருவம் வெளிப்படுகிறது. இராமன் அவ்வுடலருகே நின்று, உற்று நோக்கி, முன்பு வேள்விக்களத்துக்கு வந்த மாரீசனே இவன் என்று தெளிகிறான்.

கற்பவை கற்றபின்

மாரீசனும் கும்பகருணனும் இராவணனுக்குக் கூறிய அறிவுரைகளை ஒப்பிட்டு, இருவரும் இறுதியில் ஏன் அவனுக்கு உடன்பட்டனர் என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.